கவிழ்த்து வைத்த சீட்டு

விஞ்ஞானப் பத்திரிகையில் சீட்டாட்டத்துக்கு என்ன வேலை என்று நீங்கள் முகம் சுளிக்க வேண்டாம். காசு வைத்து ஆடும் ஆட்டத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. எல்லாச் சீட்டாட்டங்களுக்கும் பொதுவான ஒரு விதியைப் பற்றியும், அந்த விதி வந்து சேர்ந்த ஓர் எதிர்பாராத இடத்தைப் பற்றியும் சொல்லப் போகிறேன்.

முந்நூற்று நாலு ஆடுகிறவர்களை நீங்கள் பார்த்திருக்கலாம். கேள்வி எடுத்தவர் தம் துருப்புச் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிடுவார். உரிய நேரம் வரும் வரையில் அதை எவரும் திருப்பிப் பார்க்கக் கூடாது. மற்றவர்களும் தத்தம் சீட்டுகளை நெஞ்சோடு அணைத்தே வைத்திருப்பார்கள். ஒருவர் கைச்சீட்டு மற்றவர் கண்ணில் பட்டுவிட்டால் ஆட்டம் கெட்டது. ஏனெனில் அதன் பிறகு ஆடுகிறவர் தம் கையைப் பார்த்து ஆடமாட்டார். பிறர் கையைப் பார்த்தே ஆடுவார்.

இந்த எளிய விதியைத்தான் இன்று உலகின் பல பகுதிகளில் கணிப்பொறிப் பொறியாளர்கள் ஒரு முக்கியமான காரியத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். ஒரு வேலையின் ஒரு கட்டம் முடிந்ததும் அதில் ஈடுபட்டவர்கள் ஒன்றாக உட்காருகிறார்கள். எது நன்றாக நடந்தது, எது கெட்டுப்போனது, அடுத்த முறை எதை மாற்ற வேண்டும் என்று பேசுகிறார்கள். இதை நாம் ‘மீள்நோக்குக் கூட்டம்’ என்று அழைப்போம். அக்கூட்டத்தில் வாய்ப்பேச்சுக்கு முன்பாகச் சீட்டுகள் வருகின்றன. பொழுதுபோக்குக்காக அல்ல, வேறு வழியில் வெளிவராத உண்மையை வெளியே கொண்டுவருவதற்காக.

டீக்கடையில் கிடைத்த உண்மை

உண்மை அவ்வளவு கடினமாகவா வெளிவரும் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு நேர்ந்த ஓர் அனுபவத்தைச் சொல்லுகிறேன்.

நான் கல்லூரியில் பௌதிக ஆசிரியனாகச் சேர்ந்த முதல் ஆண்டு. செய்முறைத் தேர்வுகள் முடிந்தபின் துறைக் கூட்டம் நடந்தது. “குறை ஏதாவது உண்டா?” என்று கேட்டார் தலைவர். மூத்த ஆசிரியர் ஒருவர், “எல்லாம் நல்லபடியாகவே நடந்தது” என்றார். நாங்கள் அனைவரும் தலையசைத்தோம். ஐந்து நிமிடத்தில் கூட்டம் முடிந்தது.

அதன் பிறகு வாசலிலிருந்த டீக்கடையில் உண்மையான கூட்டம் கூடியது. ஊசல் சோதனைக்குக் கொடுத்த நிறுத்து கடிகாரங்களில் இரண்டு மெதுவாக ஓடின என்று ஓர் இளைய ஆசிரியர் சொன்னார். மற்றொருவர், “எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது” என்றார். உடனிருந்த ஆய்வுக்கூட உதவியாளர், முதல் வாரத்திலேயே தமக்கு அது தெரியும் என்றார். “ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டேன். “நீங்கள் எல்லாரும் இருக்கிற இடத்தில் நான் எப்படி சார் பேசுவது?” என்றார்.

இது சிறிய விஷயமன்று. நிமிடத்துக்கு 2 விநாடி பின்தங்கும் கடிகாரத்தை வைத்துப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட்டால், 9.8 என்று வர வேண்டிய விடை ஏறத்தாழ 10.5 என்று வரும். கவனமாகச் சோதனை செய்த மாணவன் மதிப்பெண் இழப்பான். பிழை கடிகாரத்தினுடையது, தண்டனை மாணவனுக்கு. தவறு நேர்ந்தது என்பது மூன்று பேருக்குத் தெரிந்திருந்தும் கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்குக் கடிகாரத்தைப் பற்றித் தெரியாது. ஆனால் தெரியாத விஷயத்துக்கு ‘எல்லாம் நல்லபடி’ என்று தலையசைத்தவர்களில் நானும் ஒருவன்.

மூத்தவர் கடைசியில்

மூத்தவர் பேசியபின் இளையவர் வாய் மூடிக்கொள்வது நமக்கு மட்டுமே உரிய வழக்கமன்று. மனித இனத்துக்கே பொதுவானது. இதை மிகப் பழங்காலத்திலேயே உணர்ந்து பரிகாரம் தேடியவர்களும் உண்டு.

யூதர்களின் சட்டத் தொகுப்பாகிய மிஷ்னா ஏறத்தாழ கி.பி. 200-ல் தொகுக்கப்பட்டது. அதில் ஒரு விதி காணப்படுகிறது. சொத்து வழக்குகளில் நீதிபதிகள் மூத்தவரிலிருந்து தொடங்கிக் கருத்துச் சொல்லலாம். ஆனால் மரண தண்டனைக்குரிய வழக்கில் ஓரத்தில் அமர்ந்திருப்பவர்களிடமிருந்து, அதாவது இளையவர்களிடமிருந்தே தொடங்க வேண்டும். பெரியவர் முதலில் பேசிவிட்டால் சிறியவர் மறுத்துப் பேசத் தயங்குவார். ஓர் உயிரே போய்விடக்கூடும். பிற்காலத்தில் பிரிட்டிஷ் கடற்படையின் இராணுவ நீதிமன்றங்களிலும் இளைய அதிகாரியே முதலில் தம் முடிவைச் சொல்லும் வழக்கம் இருந்தது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் முதலில் பேசும் இளையவருக்கு அடுத்தவர் அவருடைய சொல்லைக் கேட்டுவிட்டாரே! யாருமே யாரையும் கேளாமல் கருத்துச் சொல்ல வழியுண்டா? உண்டு. அதற்குச் சீட்டு வேண்டும்.

மாட்டின் எடை

இங்கிலாந்தின் பிளிமத் நகரில் நடந்த கால்நடைக் கண்காட்சி ஒன்றில் கொழுத்த எருது ஒன்றை நிறுத்தி வைத்தார்கள். அதை அறுத்துச் சுத்தம் செய்தபின் இறைச்சி எவ்வளவு எடை இருக்கும் என்று ஊகிக்க வேண்டும். ஆறு பென்னி கொடுத்து எண்ணிட்ட சீட்டு ஒன்றை வாங்கி, அதில் பெயரையும் ஊகத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும். நெருங்கி ஊகித்தவர்களுக்குப் பரிசு உண்டு.

போட்டி முடிந்தபின் அந்தச் சீட்டுகளை விஞ்ஞானி பிரான்சிஸ் கால்ட்டன் வாங்கி ஆராய்ந்து, 1907-ஆம் ஆண்டு ‘நேச்சர்’ பத்திரிகையில் எழுதினார். ஏறத்தாழ 800 சீட்டுகளில் பழுதானவை போக 787 எஞ்சின. அவற்றை வரிசைப்படுத்தி நடுவிலிருந்த ஊகத்தை எடுத்தார்: 1207 பவுண்டு. உண்மையான எடை 1198 பவுண்டு. வித்தியாசம் 9 பவுண்டுதான். அதாவது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு!

கசாப்புக்காரர்களும் குடியானவர்களும் மட்டுமன்றி ஒன்றும் தெரியாதவர்களும் எழுதிய சீட்டுகளிலிருந்து இத்தனை சரியான விடை எப்படி வந்தது? ஒருவர் கூடுதலாக ஊகிக்கிறார், மற்றொருவர் குறைவாக ஊகிக்கிறார். பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. இது மாணவர்களுக்குத் தெரிந்த அளவீட்டு விதியே. ஒன்பது தனித்தனி அளவீடுகளின் சராசரியை எடுத்தால் தற்செயல் பிழை மூன்றில் ஒரு பங்காகக் குறையும். நூறு அளவீடுகள் என்றால் பத்தில் ஒரு பங்காகும்.

ஆனால் ‘தனித்தனி’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு மாணவன் அளந்ததை எட்டு மாணவர்கள் பார்த்து எழுதினால் நோட்டுப் புத்தகத்தில் ஒன்பது எண்கள் இருக்கும். உண்மையில் இருப்பது ஒரே அளவீடு. எங்கள் துறைக் கூட்டத்தில் எத்தனையோ தலைகள் அசைந்தன, கருத்து ஒன்றுதான். பிளிமத் நகரில் ஒருவர் மேடையேறி, “இந்த மாடு 1500 பவுண்டு தேறும்!” என்று முழங்கியபின் சீட்டுகளைக் கொடுத்திருந்தால் கணக்கு என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சொற்பொழிவின் வேகம் கலவாத ஊகங்கள் இவை என்று கால்ட்டனே தம் கட்டுரையில் குறிப்பிட்டிருக்கிறார்.

கண்ணெதிரே இருந்த கோடு

பிறர் சொல் நம்மை எவ்வளவு தூரம் இழுக்கும்? அமெரிக்க மனநூல் அறிஞர் சாலமன் ஆஷ் இதைச் சோதனையால் அளந்து 1951-ல் வெளியிட்டார்.

அட்டையில் ஒரு கோடு. பக்கத்தில் வெவ்வேறு நீளமுள்ள மூன்று கோடுகள். முதற்கோட்டுக்குச் சமமானது எது என்று சொல்ல வேண்டும். தனியாகக் கேட்டால் ஏறக்குறைய எவருமே தவறு செய்வதில்லை. ஆனால் ஆஷ் ஒரு மாணவரை ஏழெட்டுப் பேர் நடுவில் உட்கார வைத்தார். மற்றவர்கள் அவருடைய ஆட்கள். குறிப்பிட்ட சில சுற்றுகளில் எல்லாரும் உரக்க ஒரே தவறான விடையைச் சொல்லுவார்கள். பிறகு அந்த மாணவரின் முறை வரும். அவ்வாறான சுற்றுகளில் கிடைத்த விடைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, கூட்டத்தோடு சேர்ந்த தவறான விடையாகவே இருந்தது!

மாணவர் தம் விடையைச் சொல்லாமல் காகிதத்தில் தனியாக எழுதலாம் என்று மாற்றியபோது இத்தவறு பெரிதும் குறைந்துவிட்டது. கண் கெட்டிருக்கவில்லை, வாய்தான் அஞ்சியது. எழுதும் கைக்கு அந்த அச்சம் குறைவு.

இந்த உண்மையை ஒரு முறையாக அமைத்தவர்கள் கலிபோர்னியாவிலுள்ள ராண்ட் ஆய்வு நிறுவனத்தார். நார்மன் டால்கி, ஓலஃப் ஹெல்மர் என்ற இருவர் 1963-ல் இதைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டனர். முறையின் பெயர் ‘டெல்ஃபி’. நிபுணர்களை ஒன்றுகூட்டாமல் தனித்தனியே எழுதி வாங்குவது, பெயரில்லாமல் தொகுத்து அவர்களுக்கே காட்டுவது, மீண்டும் எழுதச் சொல்வது – இவ்வளவுதான். பின்னர் 1970-களில் பாரி போயம் என்ற கணிப்பொறி அறிஞரும் அவருடைய சகாக்களும் இதில் ஒரு திருத்தம் செய்தனர். பெயரில்லாமல் எழுதுவது இருக்கட்டும். ஆனால் விடைகள் மிகவும் விலகி நிற்கும் இடங்களில் மட்டும் எல்லாரும் உட்கார்ந்து பேசட்டும் என்றனர். வேற்றுமையை மறைக்கக் கூடாது. அங்கேதான் விஷயம் இருக்கிறது என்பது இத்திருத்தத்தின் உட்கருத்து.

முகமில்லாத சீட்டு

இதே காலத்தில் ஜப்பானில் வேறொரு வழியாகச் சீட்டு வந்து சேர்ந்தது. கவாகிதா ஜிரோ என்பவர் மக்களின் வாழ்க்கை முறைகளை ஆராய்ந்தவர். நேபாள மலைக் கிராமங்களில் தங்கி ஆய்வு நடத்தியவர். குறிப்புகள் மலையாகக் குவிந்தன. அவற்றை எப்படி ஒழுங்குபடுத்துவது? ஒரு சீட்டுக்கு ஒரு செய்தி என்று எழுதினார். அனைத்தையும் விரித்துப் போட்டு, ஒன்றோடொன்று உறவுள்ளவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்தார். முன்கூட்டியே தலைப்பு வைத்துக்கொண்டு சீட்டுகளை அதில் அடைக்காமல், சீட்டுகள் சேர்ந்தபின் தலைப்பிட்டார். 1967-ல் இதைப் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. அவர் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு இது ‘கே.ஜே. முறை’ எனப்படுகிறது.

ஜப்பானியத் தொழிற்சாலைகளில் 1962 முதல் தரக்குழுக்கள் இயங்கி வந்தன. தொழிலாளர்களே கூடித் தங்கள் வேலையிலுள்ள குறைகளை ஆராயும் குழுக்கள் அவை. 1970-களின் இறுதியில் தரக் கட்டுப்பாட்டுக்கென வகுக்கப்பட்ட ‘புதிய ஏழு கருவிகள்’ பட்டியலில் கவாகிதாவின் சீட்டு முறையும் இடம்பெற்றது.

இதன் பயன் ஒழுங்குபடுத்துவது மட்டுமன்று. மேசைமேல் கலந்து கிடக்கும் சீட்டுக்கு முகம் கிடையாது. தலைவர் எழுதியதும் கடைநிலை ஊழியர் எழுதியதும் ஒரே அளவு, ஒரே நிறம். ‘யார் சொன்னது?’ என்ற கேள்வி போய், ‘என்ன சொல்லப்பட்டிருக்கிறது?’ என்ற கேள்வி வந்துவிடுகிறது.

ஃபெயின்மன் கொடுத்த துண்டுக் காகிதம்

மேலே சொன்னவை யாவும் மாட்டு எடையும் அட்டைக்கோடுமாகவே இருக்கின்றனவே என்று நினைக்கிறீர்களா? இப்போது உயிர்களைப் பற்றிச் சொல்லுகிறேன்.

1986 ஜனவரி 27-ஆம் நாள் இரவு. மறுநாள் காலை ‘சாலஞ்சர்’ விண்கலம் புறப்பட வேண்டும். ஆனால் கடுங்குளிர். உந்து ராக்கெட்டுகளைத் தயாரித்த மார்ட்டன் தையகால் நிறுவனத்தின் பொறியாளர்கள், குளிரில் ரப்பர் வளையங்கள் இறுகி வாயுவைத் தடுக்கத் தவறலாம் என்று அஞ்சினர். புறப்பாட்டைத் தள்ளிவைக்கும்படி தொலைபேசிக் கூட்டத்தில் வற்புறுத்தினர். விண்வெளி மையத்து அதிகாரிகள் அதை விரும்பவில்லை. நிறுவனத்தார் சற்று நேரம் தனியே பேசினார்கள். முடிவெடுத்தவர்கள் நான்கு மேலாளர்கள். பொறியாளர்களிடம் வாக்குக் கேட்கப்படவில்லை. பிறகு தொலைபேசியில், ‘புறப்படலாம்’ என்ற புதிய முடிவு தெரிவிக்கப்பட்டது. எவருக்காவது மாற்றுக் கருத்து உண்டா என்ற கேள்வியும் வந்தது. யாரும் பேசவில்லை.

மறுநாள் புறப்பட்ட 73-ஆம் விநாடியில் விண்கலம் சிதறியது. ஏழு பேர் மாண்டனர்.

விசாரணைக் குழுவில் நோபல் பரிசு பெற்ற பௌதிக மேதை ரிச்சர்ட் ஃபெயின்மன் இருந்தார். ரப்பர் வளையத் துண்டைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி அவர் செய்துகாட்டிய சோதனையைப் பலரும் அறிவர். அவர் செய்த மற்றொரு சோதனை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. என் கருத்தில் அதுவும் அதே அளவு சிறந்தது.

மார்ஷல் விண்வெளி மையத்தில் மூன்று பொறியாளர்களும் அவர்களுடைய மேலாளர் ஒருவரும் ஃபெயின்மனுடன் உட்கார்ந்திருந்தனர். விண்கலத்தின் முக்கிய எஞ்சின் பழுதாகிப் பயணம் தோல்வியடைய எவ்வளவு வாய்ப்பு உண்டு? இதை வாயால் கேட்டிருந்தால் மேலாளர் முதலில் பேசியிருப்பார், மற்றவர்கள் தலையசைத்திருப்பார்கள். ஃபெயின்மன் ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுத்து எழுதச் சொன்னார்.

சீட்டுகள் திரும்பின. இரு பொறியாளர்களின் விடை ஏறத்தாழ 200-க்கு 1. மூன்றாமவர் எழுதியது 300-க்கு 1. மேலாளரின் சீட்டில் எண்ணே இல்லை. அளவிட்டுச் சொல்ல இயலாது என்ற பொருளில் எழுதியிருந்தார். ஃபெயின்மன் வற்புறுத்திக் கேட்டபின் அவர் கூறிய எண் 1,00,000-க்கு 1!

ஒரே கட்டடம், ஒரே எஞ்சின். ஆனால் இரு மதிப்பீடுகளுக்கும் இடையே 500 மடங்கு வேற்றுமை. இந்த வேற்றுமை அந்த நிமிடத்தில் பிறந்ததன்று. வெகுகாலமாக அங்கேயே இருந்தது. அதைக் காண நான்கு துண்டுக் காகிதங்கள் போதுமாயிருந்தன. ஆனால் அவை வந்தபோது ஏழு பேர் இறந்து போயிருந்தார்கள்.

அச்சீட்டுகளில் எழுதியது எஞ்சினைப் பற்றி மட்டுமே. ஆயினும் முழு விண்கலத்தின் கதையும் பின்னர் தெரிந்துவிட்டது. 2011-ல் இத்திட்டம் முடிவுற்றபோது மொத்தப் பயணங்கள் 135. அழிந்த கலங்கள் இரண்டு. ஏறத்தாழ 68-க்கு 1. இரண்டாவது கலம் 2003-ல் அழிந்த ‘கொலம்பியா’. அவ்விபத்தின் விசாரணையிலும், ஐயம் கொண்ட பொறியாளர்களின் குரல் மேலே எட்டவில்லை என்பது தெரியவந்தது.

விளையாட்டாக ஒரு விசாரணை

இனி நாம் தொடங்கிய இடத்துக்கு வருவோம்.

கணிப்பொறி நிரல் எழுதும் தொழிலில், திட்டம் முடிந்தபின் நடக்கும் ஆய்வை ‘பிரேதப் பரிசோதனை’ என்றே நெடுநாள் அழைத்து வந்தார்கள். நார்மன் கெர்த் என்பவர் இப்பெயரை விரும்பவில்லை. செத்ததை அறுப்பதன்று, வாழ்வதற்குக் கற்பதே நோக்கம் என்று கருதி, ‘பின்னோக்கிப் பார்த்தல்’ என்று பொருள்படும் சொல்லை வழங்கினார். 2001-ல் இதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அன்றைக்குத் தெரிந்ததையும் கையிலிருந்த வசதியையும் வைத்து அவரவர் தம்மாலானதைச் செய்தார்கள் என்று முதலில் ஏற்றுக்கொண்டுதான் பேசத் தொடங்க வேண்டும் என்பது அவர் விதித்த அடிப்படை நெறி.

அவருடைய முறையில் முதலில் வருவது இரகசியச் சீட்டு. இக்கூட்டத்தில் எவ்வளவு துணிந்து பேசுவேன் என்பதை ஒவ்வொருவரும் 1 முதல் 5 வரை ஓர் எண்ணாக எழுதி மடித்துக் கொடுக்க வேண்டும். 5 என்றால் எதையும் பேசுவேன். 1 என்றால் சிரித்துக்கொண்டு மேலதிகாரி சொல்வதற்கெல்லாம் ஆமாம் போடுவேன். சீட்டுகளில் ஒன்றும் இரண்டுமாக வந்தால் வேலையைப் பற்றிப் பேசிப் பயனில்லை. முதலில் அச்சத்தைப் பற்றிப் பேச வேண்டும். ஒரு பௌதிக ஆசிரியனுக்கு இது உடனே விளங்கும். அளக்கத் தொடங்குமுன் கருவியின் பூச்சியப் பிழையைப் பார்த்துக்கொள்கிறோம் அல்லவா?

அதே 2001-ல், பிப்ரவரி மாதம், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்டு என்ற இடத்தில் நிரலாளர்கள் 17 பேர் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டனர். அதனுடன் சேர்ந்த பன்னிரண்டு கொள்கைகளில் கடைசியானது, குழு குறிப்பிட்ட இடைவெளிகளில் தன்னைத் தானே திரும்பிப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதாகும். மீள்நோக்கு என்பது திட்டத்தின் முடிவில் ஒரு முறை நடப்பதாக இராமல், சில வாரங்களுக்கு ஒரு முறை வரும் பழக்கமாயிற்று. எஸ்தர் டெர்பி, டயானா லார்சன் என்ற இரு பெண்மணிகள் 2006-ல் எழுதிய நூல் இக்கூட்டங்களை நடத்தும் முறைகளைப் பரப்பியது.

சீட்டாட்டத்தின் பெயரையே தாங்கிய முறையும் இக்காலத்தில்தான் தோன்றியது. வேலைக்கு எவ்வளவு உழைப்பு ஆகும் என்று மதிப்பிடும் கூட்டங்களில் ஒரு சிலரே பேசிக்கொண்டிருப்பதும் மற்றவர்கள் சும்மா இருப்பதும் ஜேம்ஸ் கிரென்னிங் என்பவருக்குச் சலிப்பூட்டியது. 2002-ல் அவர் ‘திட்டமிடும் போக்கர்’ என்ற ஆட்டத்தை எழுதி வெளியிட்டார். எல்லாரும் தம் மதிப்பீட்டைச் சீட்டில் எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஒரே சமயத்தில் திருப்ப வேண்டும். மைக் கோன் என்பவரின் 2005-ஆம் ஆண்டு நூலால் இது பரவியது. பின்னர் 1, 2, 3, 5, 8, 13, 20, 40, 100 என்று எண்கள் அச்சிட்ட சீட்டுக்கட்டுகளும் விற்பனைக்கு வந்தன. எண்களின் இடைவெளி போகப்போக அகலுவதைக் கவனியுங்கள். பெரிய வேலையின் மதிப்பீட்டில் பிழையும் பெரிது. 41-க்கும் 42-க்கும் வித்தியாசம் பார்ப்பது வீண். மிகக் கூடுதலாகச் சொன்னவரும் மிகக் குறைவாகச் சொன்னவரும் முதலில் காரணம் கூற வேண்டும். போயம் செய்த திருத்தம் இங்கே ஆட்ட விதியாகவே வந்துவிட்டது!

இது வேலைக்கு முன் ஆடுவது. வேலைக்குப் பின் நடக்கும் மீள்நோக்கிலும் இதே விதி நுழைந்தது. கடந்த வாரங்கள் எப்படி இருந்தன என்பதற்கு எண் சீட்டுகளை ஒன்றாகத் திருப்புகிறவர்கள் உண்டு. படச் சீட்டுகளைப் பரப்பி, ‘நம் வேலையைப் போன்ற படத்தை எடுங்கள்’ என்று தொடங்குகிறவர்களும் உண்டு. நேராகச் சொல்லக் கூசுகிறவர், புயலில் சிக்கிய படகின் படத்தைக் காட்டிச் சொல்லிவிடுகிறார்.

ஏன் விளையாட்டு? வெறும் காகிதம் போதாதா? டச்சு வரலாற்றறிஞர் யோஹான் ஹுய்சிங்கா 1938-ல் விளையாட்டைப் பற்றி எழுதிய நூலில், ஆட்டம் தனக்கென ஓர் எல்லையையும் சட்டத்தையும் வகுத்துக்கொள்கிறது என்று காட்டினார். ஆட்டம் நடக்கும் வரை அந்தச் சட்டமே சட்டம். முதல்வர் கையிலுள்ள ஆஸுக்கும் காவலாளி கையிலுள்ள ஆஸுக்கும் மதிப்பு ஒன்றே. பதவி வெளியே காத்திருக்கும்.

நீங்களும் ஆடிப் பாருங்கள்

இதற்குக் கணிப்பொறி தேவையில்லை. பள்ளி ஆண்டு விழா, கூட்டுறவுச் சங்கம், ஊர்த் திருவிழாக் குழு எதுவானாலும் சரி. ஐந்து முதல் ஒன்பது பேர், ஒரு மணி நேரம், அஞ்சலட்டை அளவில் வெட்டிய காகிதங்கள், ஒரே நிறப் பேனாக்கள் போதும்.

முதலில் கெர்த் சொன்ன 1 முதல் 5 வரையிலான இரகசியச் சீட்டு. அடுத்து ஒவ்வொருவரும் பேசாமல் மூன்று சீட்டுகள் எழுத வேண்டும்: நன்றாக நடந்தது ஒன்று, கெட்டது ஒன்று, புரியாதது ஒன்று. எல்லாவற்றையும் கவிழ்த்துச் சேர்த்துக் கலைத்து மீண்டும் பங்கிடுங்கள். தமக்கு வந்த சீட்டை ஒவ்வொருவரும் உரக்கப் படிக்க வேண்டும். எழுதியது யார் என்று ஆராய்வது ஆட்டத்தில் குற்றம். பிறகு கவாகிதா செய்தது போலச் சீட்டுகளை விரித்து இனம் சேர்த்துத் தலைப்பிடுங்கள். ஆளுக்கு மூன்று புள்ளிகள் வைத்து முக்கியமானவற்றைத் தேர்ந்தெடுங்கள். கடைசியாக, செய்ய வேண்டிய காரியம் ஒன்றோ இரண்டோ. அதற்கு ஓர் ஆள், ஒரு தேதி.

ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். கடிகாரமே மெதுவாக ஓடினால் நாற்பது மாணவர்களின் சராசரியும் தவறாகத்தான் வரும். எல்லாருக்கும் பொதுவான பிழையைச் சீட்டு காட்டாது. அதற்கு வெளியிலிருந்து ஒருவர் வந்து பார்க்க வேண்டும். இரண்டாவது, சீட்டில் வந்ததைச் செயலில் காட்டாவிட்டால் மூன்றாம் முறை வெற்றுச் சீட்டுகளே வரும். எழுதியவரைத் தேடிப் பிடித்துத் தண்டித்தாலோ அன்றோடு ஆட்டம் முடிந்தது.

சென்ற ஆண்டு செய்முறைத் தேர்வுக்கு முந்திய வாரம் எங்கள் துறையில் இந்த ஆட்டத்தை ஆடினோம். உதவியாளரும் உட்கார்ந்தார். என் பங்குக்கு வந்த சீட்டில் ஒரே ஒரு வரி இருந்தது: நான்காம் எண் கடிகாரமும் ஏழாம் எண் கடிகாரமும் மெதுவாக ஓடுகின்றன. படித்தேன். யார் எழுதியது என்று எவரும் கேட்கவில்லை. மூத்த ஆசிரியரே எழுந்துபோய் அவ்விரண்டு கடிகாரங்களையும் எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார்.